பெக்டினேஸ் செயல்திறனை அளப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

பழங்களிலும் தாவரச் செல்சுவரிலும் உள்ள பெக்டினைச் சிதைக்கும் நொதிகளை அளக்கும் முறையை ஆய்வுக் கட்டுரைகளில் தேடினால் நாலைந்து வரிதான் கிடைக்கும். இன்ன பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), இன்ன வெப்பநிலை, பத்து நிமிடம், டிஎன்எஸ் முறை (வெட்டுப்பட்ட சர்க்கரை முனைகளைச் சிவப்பு நிறமாகக் காட்டும் முறை) என்று முடித்துவிடுவார்கள். அதை மட்டும் நம்பி இறங்கினால் நொதி இல்லாத பிளாங்க் குழாயே டெஸ்ட் குழாய்க்குச் சமமாகச் சிவந்து நிற்கும். ஒரே மாதிரி வைத்த மூன்று குழாய்கள் மூன்று எண் காட்டும். நேற்று வந்த எண் இன்று வராது. இதில் நானும் நன்றாகத் திண்டாடியிருக்கிறேன். அந்த நாலு வரிக்கு நடுவே விட்டுப்போகும் விஷயங்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு நாட்கள் மிஞ்சும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எண்கள் தாறுமாறாக வரும்போது எல்லோரும் நொதியைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் பெக்டின் கரைசலிலும் பிளாங்கிலும்தான் இருக்கும். அதனால் கீழே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த நொதியை அளக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'பெக்டினேஸ்' என்பது ஒரு நொதியின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். பெக்டினின் முதுகெலும்பு காலக்டியூரானிக் அமிலம் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. அதில் பல கண்ணிகளின் மேல் மெதில் எஸ்டர் ஒட்டியிருக்கும். இந்தச் சங்கிலியை நான்கு வகை நொதிகள் நான்கு விதமாகத் தாக்குகின்றன.

பாலிகாலக்டியூரனேஸ், நீரைச் சேர்த்துச் சங்கிலியை வெட்டும். மெதில் எஸ்டர் இல்லாத பகுதிதான் இதற்குப் பிடிக்கும். பூஞ்சைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் பிஎச் 4 முதல் 5.5 வரை நன்றாக வேலை செய்யும். வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புதிய ஒடுக்கும் முனை (வேறு பொருளை வேதியியல் முறையில் ஒடுக்கக்கூடிய சர்க்கரை நுனி) உருவாகும். டிஎன்எஸ் முறை பிடிப்பது அதைத்தான்.

பெக்டேட் லையேஸும் எஸ்டர் இல்லாத சங்கிலியைத்தான் வெட்டும், ஆனால் நீர் சேர்க்காமல். வெட்டிய துண்டின் ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பு உண்டாகும். அது 235 நானோமீட்டர் அருகே புற ஊதாவை உறிஞ்சும். இதற்குக் கால்சியம் தேவை, பிஎச் 8 முதல் 10 வரை வேண்டும்.

பெக்டின் லையேஸும் இதே மாதிரிதான் வெட்டும். ஆனால் இதற்கு எஸ்டர் அதிகமுள்ள பெக்டின் வேண்டும். பொதுவாகக் கால்சியம் இல்லாமலே வேலை செய்யும்.

பெக்டின் மெதில்எஸ்டரேஸ் சங்கிலியை வெட்டாது. எஸ்டரை மட்டும் கழற்றி மெத்தனாலையும் அமிலத் தொகுதியையும் விடும். இதை டிஎன்எஸ்ஸால் அளக்கவே முடியாது.

உங்கள் மாதிரியில் எது இருக்கிறது என்றே தெரியாவிட்டால் நேரடியாக அளவீட்டில் இறங்காதீர்கள். முதலில் அகார் தட்டில் பாருங்கள். அகாரில் பாலிகாலக்டியூரானிக் அமிலம் (எஸ்டர் இல்லாத பெக்டின் சங்கிலி) கலந்து ஊற்றி, குழி போட்டு, மாதிரியை விட்டு, இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் 0.05 சதவீத ருத்தேனியம் ரெட் ஊற்றினால் பெக்டின் உள்ள இடம் சிவக்கும், சிதைந்த இடம் வெளிறிய வளையமாகத் தெரியும். ருத்தேனியம் ரெட் விலை அதிகம். அதற்குப் பதிலாக 1 சதவீத சிடிஏபி (ஒரு சோப்பு வகை வேதிப்பொருள்) கரைசல் ஊற்றினாலும் சிதையாத பெக்டின் வெண்மையாகப் படிந்து வளையம் தெரியும். ஒரு தட்டை பிஎச் 5-இலும் இன்னொன்றைக் கால்சியத்தோடு பிஎச் 8.5-இலும் வைத்தால் அமிலப் பக்க நொதியா, காரப் பக்க நொதியா என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். வளையத்தின் அகலத்தை வைத்து யூனிட் (நொதி செயல்திறனின் அளவு) கணக்குப் போட வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்பதோடு தட்டின் வேலை முடிந்தது.

2. கைக்கு வர வேண்டிய தாள்கள்

இதை வீண் வேலை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். மூன்று தாள்கள் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதலாவது, பெக்டினின் பகுப்பாய்வுச் சான்றிதழ். புட்டியில் உள்ள லாட் எண்ணுக்குரியதைக் கேட்டு வாங்குங்கள். அதில் எஸ்டர் அளவு எத்தனை சதவீதம், காலக்டியூரானிக் அமிலம் எத்தனை சதவீதம், ஈரப்பதம் எவ்வளவு என்று இருக்கும். எஸ்டர் அளவு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது உயர் மெத்தாக்சில் பெக்டின். அதை வைத்துக்கொண்டு பாலிகாலக்டியூரனேஸை அளந்தால் நொதி உண்மையில் இருப்பதைவிடச் சோம்பேறியாகத் தெரியும்.

இரண்டாவது, பாதுகாப்புத் தரவுத் தாள்கள். டிஎன்எஸ், சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டுக்கும் கட்டாயம் வேண்டும். பீனால் சேர்த்த டிஎன்எஸ் செய்முறையைப் பின்பற்றினால் பீனாலுக்கும் வேண்டும். டிஎன்எஸ்ஸுக்குப் பதிலாக ஒடுக்கும் முனைகளை அளக்கும் நெல்சன்-சோமோகி முறை என்றால் அதில் ஆர்சனிக் சேர்மம் இருக்கிறது. பல ஆய்வகங்களில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், கழிவுக்குத் தனிப் புட்டி வைக்க வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிப்பெட், பிஎச் மீட்டர், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஆகியவை கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன என்ற பதிவு. பிப்பெட்டை நீங்களே பார்த்துவிடலாம். 100 மைக்ரோலிட்டர் நீரைத் தராசில் பத்து முறை விட்டு எடை போடுங்கள். ஒவ்வொரு முறையும் 0.1 கிராமுக்கு வெகு அருகில் வர வேண்டும். நொதியை அளந்து விடப்போவது அந்தப் பிப்பெட்தான் என்பதால் கால் மணி நேரம் இதற்குச் செலவழிப்பது தகும்.

3. செலவு எங்கே போகும்

விலை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எது கனமான செலவு, எது லேசானது என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

டிஎன்எஸ், சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட், சோடியம் ஹைட்ராக்சைடு, அசிட்டேட் எல்லாம் மலிவு. சாதாரணப் பெக்டினும் மலிவுதான். பாலிகாலக்டியூரானிக் அமிலமும், ஸ்டாண்டர்டுக்கான (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான, அளவு தெரிந்த) காலக்டியூரானிக் அமிலமும் விலை கூடியவை. ஸ்டாண்டர்டு மிகக் கொஞ்சம்தான் செலவாகும், எனவே சிறிய புட்டியே போதும். பாலிகாலக்டியூரானிக் அமிலத்தில் கை வைத்துச் சிக்கனம் செய்யாதீர்கள். ஒரு குழாய்க்கு 5 மில்லிகிராம்தான் போகிறது. 1 கிராமில் 200 குழாய் வரும்.

லையேஸ் அளக்க வேண்டுமென்றால் குவார்ட்ஸ் குவெட் (ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் கரைசலை வைக்கும் சிறு கிண்ணம்) வேண்டும். சாதாரணக் கண்ணாடியும் சாதாரணப் பிளாஸ்டிக்கும் 235 நானோமீட்டரில் ஒளியை விடாது. பக்கத்து ஆய்வகத்தில் இரவல் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் புற ஊதாவை விடும் பிளாஸ்டிக் குவெட் வாங்கலாம். பெட்டியின் மேல் எந்த நானோமீட்டரிலிருந்து பயன்படும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

4. முந்தைய நாள் வேலை: கரைசல்கள்

அளவீடு பத்து நிமிடம். அதற்கான கரைசல்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

டிஎன்எஸ்: 1 கிராம் 3,5-டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை 20 மி.லி. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 50 மி.லி. நீரும் சேர்ந்த கலவையில் மெதுவாகக் கரையுங்கள். பிறகு 30 கிராம் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நீர் விட்டு 100 மி.லி. ஆக்குங்கள். கரைய நேரமெடுக்கும், பொறுமை வேண்டும். வடிகட்டி, பழுப்பு நிறப் புட்டியில், காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பீனால் சேர்க்காத இந்த முறையே போதுமானது. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு புட்டிக்கும் புதிதாக ஸ்டாண்டர்டு கர்வ் (தெரிந்த அளவுக்கு எவ்வளவு நிறம் என்று காட்டும் கோடு) போட வேண்டும். பழைய கர்வைப் புதிய புட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்டாண்டர்டு: காலக்டியூரானிக் அமிலம் பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறோடு வரும். அப்போது மூலக்கூறு எடை 212.16. நீரற்றது என்றால் 194.14. புட்டியைப் பார்க்காமல் எடை போட்டால் தொடக்கத்திலேயே ஒன்பது சதவீதம் போல் பிழை நுழைந்துவிடும். நீருள்ளதில் 212.2 மில்லிகிராமை 100 மி.லி. நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார், அதாவது 1 மி.லி.யில் 10 மைக்ரோமோல். சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். குளுக்கோஸைக் கொண்டு கர்வ் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இரண்டும் டிஎன்எஸ்ஸோடு ஒரே அளவு நிறம் தருவதில்லை. காலக்டியூரானிக் அமிலத்தையே பயன்படுத்துங்கள்.

சப்ஸ்ட்ரேட் (நொதி வெட்டும் பொருள்): இங்கேதான் நிதானம் வேண்டும். பாலிகாலக்டியூரானிக் அமிலம் வெறும் நீரில் கரையாது. 1 கிராமை 70 மி.லி. நீரில் போட்டு, காந்தக் கலக்கியில் வைத்து, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 6 பக்கம் வரும்போது கலங்கல் மெல்லத் தெளியும். பிஎச் 7-ஐத் தாண்ட விடாதீர்கள். தெளிந்ததும் 0.5 மோலார் அசிட்டேட் பஃபரில் 10 மி.லி. சேர்த்து, பிஎச்சை 5.0-க்குக் கொண்டுவந்து, 100 மி.லி. ஆக்குங்கள். 1 சதவீதக் கரைசல் தயார். பிஎச்சை ரொம்பக் கீழே இறக்கினால் அமிலம் மறுபடி படிந்துவிடும்.

பெக்டின் என்றால் சிக்கல் வேறு. நீரில் கொட்டினால் மாவு கட்டிதட்டுவது போல் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த பொடியுமாக உருண்டைகள் நிற்கும். எத்தனை மணி நேரம் கலக்கினாலும் அவை முழுதாகக் கரையாது. பொடியை முதலில் கொஞ்சம் எத்தனாலில் நனைத்துக்கொள்ளுங்கள். நீர் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது சுழியின் ஓரத்தில் சிறிது சிறிதாகத் தூவுங்கள். 50 டிகிரி செல்சியஸ் வரை சூடு தரலாம். நடுநிலைக்கு மேற்பட்ட பிஎச்சில் சூடாக்கவே கூடாது. எஸ்டர் உள்ள பெக்டின் காரத்திலும் சூட்டிலும் தானாகவே அறுபடும், அதுவும் லையேஸ் வெட்டுவது போலவே இரட்டைப் பிணைப்போடு. நொதி போடுவதற்கு முன்பே உங்கள் சப்ஸ்ட்ரேட் சிதைந்திருக்கும்.

இன்னொரு பொறி உணவுத் தரப் பெக்டினில் இருக்கிறது. ஜெல் ஆகும் திறனை ஒரே சீராக வைப்பதற்காக அதில் சர்க்கரை கலந்து விற்பது வழக்கம். கலந்தது டெக்ஸ்ட்ரோஸ் என்றால் டிஎன்எஸ் பிளாங்க் உடனே சிவந்துவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த 70 சதவீத எத்தனாலில் சில முறை கழுவி, பிறகு அமிலமில்லாத எத்தனாலில் கழுவி, உலர்த்திப் பயன்படுத்துங்கள்.

சப்ஸ்ட்ரேட்டைக் குளிர்பெட்டியில் ஓரிரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பூஞ்சைக்குப் பெக்டின் நல்ல உணவு, அது வளர்ந்தால் தன் நொதியையும் சேர்த்தே விடும்.

5. ஸ்டாண்டர்டு கர்வ்

ஆறு அளவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் 0.5 மி.லி. சப்ஸ்ட்ரேட் விடுங்கள். அதன்மேல் 10 மில்லிமோலார் ஸ்டாண்டர்டில் 0, 0.05, 0.1, 0.2, 0.3, 0.4 மி.லி. விட்டு, மீதியைப் பிஎச் 5.0 அசிட்டேட் பஃபரால் நிரப்பி மொத்தம் 1 மி.லி. ஆக்குங்கள். இப்போது குழாய்களில் 0, 0.5, 1, 2, 3, 4 மைக்ரோமோல் இருக்கும். ஸ்டாண்டர்டு குழாயில் எதற்குச் சப்ஸ்ட்ரேட் என்று தோன்றும். டெஸ்ட் குழாயில் என்னென்ன இருக்குமோ அதெல்லாம் இங்கேயும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

1 மி.லி. டிஎன்எஸ் விட்டுக் கலக்கி, எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் கொதிநீரில் இறக்குங்கள். 5 நிமிடமோ 10 நிமிடமோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். நீர் உண்மையிலேயே கொதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் முப்பது குழாய்களை இறக்கினால் சின்னப் பாத்திரத்தில் கொதி அடங்கிவிடும், மறுபடி கொதி வரும்வரை உங்கள் நேரக்கணக்கு தவறாகிப்போகும். பெரிய பாத்திரமாக வையுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் இறக்கி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, 3 மி.லி. நீர் சேர்த்து, 540 நானோமீட்டரில் அளவெடுங்கள். கருவியின் விளக்கை அரை மணி நேரம் முன்பே போட்டு வைக்க வேண்டும்.

குழாய்களை வரிசையாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சு வழியே, அடர் செம்பழுப்பு வரை படிப்படியாகப் போக வேண்டும். எங்காவது ஒரு குழாய் வரிசை மீறினால் கருவி சொல்வதற்கு முன் கண்ணே சொல்லிவிடும். குழாயில் கலங்கல் தெரிந்தால் சென்ட்ரிஃபியூஜ் செய்து தெளிந்ததை மட்டும் அளக்கவும். கலங்கலும் உறிஞ்சலாகத்தான் பதிவாகும்.

கோட்டைப் பூஜ்யத்தின் வழியே இழுக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். மிகக் குறைந்த அளவுகளில் டிஎன்எஸ் நேர்கோட்டில் நிற்பதில்லை. அந்தக் கீழ்ப்பகுதியில் உங்கள் மாதிரி விழுந்தால் நொதியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டு மேலே கொண்டுவருவதே சரி.

6. அளவீடு: பாலிகாலக்டியூரனேஸ்

ஒரு குழாய்க்கு: 0.5 மி.லி. சப்ஸ்ட்ரேட், 0.4 மி.லி. பஃபர், 0.1 மி.லி. நீர்த்த நொதி.

அ. சப்ஸ்ட்ரேட்டும் பஃபரும் விட்ட குழாய்களை 40 டிகிரி வாட்டர் பாத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். வாட்டர் பாத்தின் முகப்பு காட்டும் எண்ணை நம்பாமல் ஒரு குழாய்க்குள் வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.

ஆ. நொதியை 30 விநாடி இடைவெளியில் ஒவ்வொரு குழாயாக விடுங்கள். விட்டவுடன் கலக்க வேண்டும்.

இ. சரியாகப் பத்தாவது நிமிடம், அதே வரிசையில், அதே 30 விநாடி இடைவெளியில் 1 மி.லி. டிஎன்எஸ் விடுங்கள். காரம் பட்டதும் நொதி நின்றுவிடும்.

ஈ. கொதிநீர், குளிர்விப்பு, நீர் சேர்ப்பு, 540 நானோமீட்டர். எல்லாம் ஸ்டாண்டர்டுக்குச் செய்தது போலவே.

பத்து நிமிடம்தான் என்று எங்கும் விதி இல்லை. நேர்கோடு நிற்கும் நேரம் எது என்பதுதான் கேள்வி. அதனால் முதல் நாளே 2, 5, 10, 15, 20 நிமிடங்களில் நிறுத்திப் பாருங்கள். பிறகு நொதியின் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். விளைபொருளும் பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் நொதி அதிகம், சப்ஸ்ட்ரேட் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குழாயில் இருக்கும் 5 மில்லிகிராமில், பொருள் சுத்தமானது என்றால், சுமார் 28 மைக்ரோமோல் கண்ணிகள் உண்டு. விளைபொருள் 4 மைக்ரோமோல் வந்தாலே ஏழில் ஒரு பங்கு தீர்ந்துவிட்டது. 1 முதல் 2 மைக்ரோமோல் வரும்படி நொதியை நீர்ப்பதுதான் பாதுகாப்பு. வேறு எதைத் தவிர்த்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நேர்கோடு இல்லாத இடத்தில் எடுத்த எண் நொதியின் வேகத்தைக் காட்டாது.

அதிகமாக நீர்க்கும்போது நொதி குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போவதும் உண்டு. நீர்ப்பதற்கான பஃபரில் 1 மி.லி.க்கு 0.1 மில்லிகிராம் போவைன் சீரம் ஆல்புமின் (ஒரு புரதம்) சேர்த்தால் இது குறையும். அப்படிச் செய்தால் புரத அளவை நீர்க்காத மூல மாதிரியில்தான் எடுக்க வேண்டும்.

7. பிளாங்க் மூன்று, ஒன்றையும் விடாதீர்கள்

நீரும் டிஎன்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளாங்க் கருவியைப் பூஜ்யமாக்க. சப்ஸ்ட்ரேட் உண்டு, நொதி இல்லை என்ற பிளாங்க், பெக்டின் தன்னளவில் தரும் நிறத்தைக் காட்ட. மூன்றாவதுதான் முக்கியமானது, பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்: நொதி பிளாங்க். சப்ஸ்ட்ரேட்டும் பஃபரும் உள்ள குழாயில் முதலில் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு, கடைசியாக நொதியை விடுங்கள். வினை நடக்காது. ஆனால் நொதி மாதிரி கூடவே கொண்டுவரும் சர்க்கரை முழுவதும் நிறம் கொடுக்கும்.

நுண்ணுயிர் வளர்ந்த திரவத்தையோ பழச் சாற்றையோ நேராக அளப்பவர்களுக்கு இந்தப் பிளாங்க் இல்லாமல் எதுவுமே இல்லை. அவற்றில் சர்க்கரை ஏராளம். நொதி பிளாங்கின் அளவு டெஸ்ட்டின் பாதியைத் தாண்டினால், இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கிறீர்கள். அது நிலையாக இருக்காது. மாதிரியைக் குளிரில் டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைப்பது) செய்தோ, சிறிய உப்பு நீக்கும் பத்தியில் விட்டோ சர்க்கரையை எடுத்துவிட்டு அளக்கவும். டயாலிசிஸுக்கு ஓர் இரவு, பத்தி என்றால் அரை மணி நேரம்.

மாதிரியில் லையேஸும் கலந்திருந்தால் அதுவும் ஒடுக்கும் முனையை உண்டாக்கி டிஎன்எஸ் எண்ணை ஏற்றும். 5 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்த்து ஒரு தொகுதி வைத்துப் பாருங்கள். கால்சியம் பிடுங்கப்பட்டதும் பெக்டேட் லையேஸ் நின்றுவிடும். ஸ்டாண்டர்டு குழாய்களிலும் அதே அளவு ஈடிடிஏ இருக்க வேண்டும்.

8. லையேஸும் எஸ்டரேஸும்

பெக்டேட் லையேஸுக்குக் கொதிநீரே தேவையில்லை. குவார்ட்ஸ் குவெட்டில், பிஎச் 8.5 டிரிஸ் பஃபரில் 0.1 முதல் 0.2 சதவீதம் பாலிகாலக்டியூரானிக் அமிலமும் 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் எடுத்து, வெப்பநிலைக்கு வந்ததும் நொதியை விட்டு, 235 நானோமீட்டரில் உறிஞ்சல் ஏறுவதை இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். கால்சியத்தை ஆர்வமாகக் கூட்டினால் சங்கிலிகள் பின்னிக்கொண்டு ஜெல்லாகி ஒளியைச் சிதறடிக்கும். சிட்ரேட் பஃபர் கால்சியத்தைப் பிடுங்கிவிடும், பாஸ்பேட் அதைப் படிய வைத்துவிடும். இரண்டையும் ஒதுக்குங்கள்.

கணக்குக்கு மோலார் உறிஞ்சல் கெழு (உறிஞ்சலைச் செறிவாக மாற்ற உதவும் எண்) வேண்டும். பெக்டேட் லையேஸுக்கு 4600, பெக்டின் லையேஸுக்கு 5500 என்பவை பரவலாகப் பயன்படுபவை. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். நிமிடத்துக்கு 0.046 ஏறுகிறது, குவெட்டில் 1 மி.லி. இருக்கிறது, 4600 எடுக்கிறோம் என்றால் நிமிடத்துக்கு 0.01 மைக்ரோமோல். விட்ட நொதி 0.02 மி.லி. என்றால் 1 மி.லி.க்கு 0.5 யூனிட். இவ்வளவு சிறிய அளவை டிஎன்எஸ் பத்து நிமிடத்தில் தெளிவாகப் பிடிக்காது. அதனால் லையேஸ் வேலைக்கு நான் புற ஊதா முறையைத்தான் சொல்வேன்.

பெக்டின் மெதில்எஸ்டரேஸுக்குத் தைட்ரேஷன். 0.5 சதவீதப் பெக்டின், 0.1 மோலார் சோடியம் குளோரைடு, பிஎச் 7.0, 30 டிகிரி. நொதி அமிலத்தை விட விட, 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டி பிஎச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். 0.1 மி.லி. செலவானால் 1 மைக்ரோமோல் எஸ்டர் கழன்றது. இங்கே பஃபர் கூடாது. பிஎச் மாறினால்தானே அளக்க முடியும்? நொதியே கனமான பஃபரில் இருந்தால் அது வரும் அமிலத்தை விழுங்கிவிடும். முதலில் டயாலிசிஸ் செய்து உப்புக் கரைசலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் காரத்தைக் கொஞ்சம் தின்னும். கொதிக்க வைத்துக் கொன்ற நொதியோடு ஒரு ஓட்டம் ஓட்டி அதைக் கழியுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவை அன்றன்றைக்குப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கொண்டு சரிபாருங்கள்.

9. கணக்கும் எழுதி வைக்க வேண்டியவையும்

1 யூனிட் என்பது, சொன்ன நிலைமைகளில் 1 நிமிடத்தில் 1 மைக்ரோமோல் விளைபொருள் தரும் நொதியின் அளவு. கடால் (நொதி செயல்திறனின் எஸ்ஐ அலகு) கணக்கில் கேட்டால் 1 யூனிட் 16.67 நானோகடால்.

உதாரணத்துக்கு, கர்வின் சரிவு மைக்ரோமோலுக்கு 0.20 என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் 0.37, நொதி பிளாங்க் 0.13. வித்தியாசம் 0.24, அதாவது 1.2 மைக்ரோமோல். அதை 10 நிமிடத்தாலும் 0.1 மி.லி.யாலும் வகுத்தால் நீர்த்த நொதியில் 1 மி.லி.க்கு 1.2 யூனிட். நொதியை 20 மடங்கு நீர்த்திருந்தால் மூல மாதிரியில் 1 மி.லி.க்கு 24 யூனிட். பிராட்ஃபோர்டு முறையில் புரதம் 1 மி.லி.க்கு 0.8 மில்லிகிராம் வந்தால் மில்லிகிராம் புரதத்துக்கு 30 யூனிட். நீர்த்த மடங்கால் பெருக்குவதை மறப்பதும், இரண்டு முறை பெருக்குவதும் அடிக்கடி நடக்கும். வினைக் குழாயில் 0.1 மி.லி. 1 மி.லி. ஆனதை நீர்த்தல் என்று எண்ணி இன்னொரு பத்தால் பெருக்கிவிடாதீர்கள். 0.1-ஆல் வகுத்தபோதே அது கணக்கில் வந்துவிட்டது.

குறிப்பேட்டில்: சப்ஸ்ட்ரேட்டின் பெயர், லாட் எண், எஸ்டர் அளவு, செறிவு. பஃபர், பிஎச், வெப்பநிலை, நேரம். நொதி நீர்த்த மடங்கு. மூன்று பிளாங்குகளின் எண்கள், கழித்த பிறகு வந்ததை மட்டும் அல்ல, கழிப்பதற்கு முன் இருந்ததும். எந்த முறை என்பதும் வேண்டும், ஏனென்றால் குட்டையான துண்டுகளுக்கும் தனி காலக்டியூரானிக் அமிலத்துக்கும் டிஎன்எஸ் ஒரே அளவில் நிறம் தருவதில்லை. டிஎன்எஸ் எண்ணையும் நெல்சன்-சோமோகி எண்ணையும் பக்கத்தில் வைத்து எந்த நொதி சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. டிஎன்எஸ்ஸை விட நுட்பமான, ஆர்சனிக் இல்லாத முறை வேண்டுமென்றால் சயனோஅசிட்டமைடு முறை இருக்கிறது. போரேட் பஃபரில் கொதிக்க வைத்து 276 நானோமீட்டரில் அளப்பது. அதற்கும் குவார்ட்ஸ் வேண்டும்.

எண்டோ வகையா எக்ஸோ வகையா என்று தெரிய வேண்டுமா? அதே வினையை விஸ்காமீட்டரிலும் (பாகுநிலையை அளக்கும் கருவி) ஓட்டுங்கள். சங்கிலியின் நடுவே வெட்டும் எண்டோ நொதி, சில சதவீதப் பிணைப்புகளை வெட்டியதுமே பாகுநிலையைப் பாதியாக்கிவிடும். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் எக்ஸோ நொதிக்கு அதே அளவு இறங்க எவ்வளவோ அதிகம் வெட்ட வேண்டியிருக்கும். டிஎன்எஸ் எண் மட்டும் வைத்து இந்த வித்தியாசம் தெரியாது.

10. எவ்வளவு நாள் ஒதுக்குவது

எல்லாப் பொருளும் கையில் இருந்தால் முதல் நாள் கரைசல்களுக்கு. இரண்டாம் நாள் காலை ஸ்டாண்டர்டு கர்வ், மதியம் நேரத்தையும் நொதி அளவையும் மாற்றி நேர்கோடு பார்ப்பது. மூன்றாம் நாள்தான் உண்மையான மாதிரிகள். அன்றும் இரண்டு மூன்று ஸ்டாண்டர்டு குழாய்களைக் கூடவே ஓட்டுங்கள். அவை பழைய கோட்டில் விழாவிட்டால் அன்றைய எண்களைப் பயன்படுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள். 30 விநாடி இடைவெளியில் ஒருவர் மட்டும் வேலை செய்தால் ஒரு சுற்றில் இருபது குழாய்க்கு மேல் முடியாது. பத்து நிமிடத்துக்குள் கடைசிக் குழாய்க்கு நொதி விட்டு, முதல் குழாய்க்கு டிஎன்எஸ் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பதினெட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரே நீர்ப்பிலிருந்து எடுத்த மூன்று குழாய்கள் உங்கள் பிப்பெட் கையைத்தான் காட்டும். நொதியைத் தனித்தனியாக மூன்று முறை நீர்த்து, முடிந்தால் வெவ்வேறு நாளில் அளந்தால்தான் முடிவுக்கு நம்பிக்கை வரும். அதற்காக நொதியை முதல் நாளே சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குழாயை மட்டும் ஐஸில் வைத்து இளக்குங்கள், மிஞ்சியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். டிஎன்எஸ் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், பெயரும் தேதியும் ஒட்டிய தனிப் புட்டியில் சேர்த்து, ஆய்வகத்தின் கழிவுப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.